இடப்பக்கம் தேயும் ஊர்

சாத்தனேந்தல் ஊர் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தது ஒரு மாசி மாதத்துக் காலையில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சோறு கட்டுகிற நேரத்தில். சத்தமில்லை, அதிர்வில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. தாம்பாளத்தை யாரோ ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்ததுபோல மேற்குத் தெரு உயர்ந்தது, கிழக்குத் தெரு தணிந்தது, எல்லா வீட்டு அடுப்பிலும் சாம்பார் ஒரு பக்கமாக வழிந்து நெருப்பை அணைத்தது, அவ்வளவுதான். ஊராட்சித் தலைவர் குழந்தைசாமி பல் விளக்கிய வாயோடு வாசலுக்கு வந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை ரோட்டில் வைத்தார். அது சற்று யோசித்துவிட்டுக் கிழக்கே உருண்டு, சாக்கடையில் விழுந்தது. "ஆமா, சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்கப் போனார்.

முதல் வாரம் முழுக்க ஊரில் வேறு பேச்சில்லை, அடுத்த வாரம் உளுந்து விலை ஏறியதால் அந்தப் பேச்சு வந்தது, சித்திரை பிறப்பதற்குள் சாய்வு என்பது வெயிலைப்போல, கொசுவைப்போல, இருக்கிற ஒன்றாகிவிட்டது. கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் பீரோவுக்கும் கிழக்குக் காலில் மரமுட்டு வைத்தார்கள். கல்லில் ஊற்றிய தோசை ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் முறுகியும் வந்தது, கனத்த பக்கம் யாருக்கு என்று கொஞ்ச நாள் வீடுகளில் சண்டை நடந்து, பிறகு அது மருமகனுக்கு என்று முடிவானது. கண்மாய்த் தண்ணீர் ஊரோடு சேர்ந்து சாயாமல் தன் மட்டத்திலேயே நின்றதால் கீழ்க்கரை மடை வழிந்தது, மேல்மடை காய்ந்தது, மேல்மடைக்காரர்கள் நெல்லை விட்டு மிளகாய் போட்டார்கள், போட்ட மறுவருடமே இது பாட்டன் காலத்திலிருந்து மிளகாய் பூமிதான் என்று சொல்லத் தொடங்கினார்கள். சவேரியார் கோயில் மணியின் நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி ஒற்றைச் சத்தம்தான் எழுப்பியது, ஒற்றைச் சத்தத்துக்கே ஜனங்கள் எழுந்து பூசைக்குப் போனார்கள். மாரியம்மன் தேர் ஆள் இழுக்காமலே கிழக்கே நகர்ந்தது, வடம் பிடிக்கிறவர்கள் முன்னால் நிற்பதை விட்டுப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்கள், அம்மனே நம்ம கஷ்டத்தைப் பார்த்துத் தானே நடக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களின் சட்டையிலெல்லாம் காப்பி கொட்டியது, காப்பி கொண்டுவந்த பெண்ணோ ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றாள். அளந்து பார்க்க ஒரு அதிகாரி வந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, இரண்டு முறை உதறி வைத்துப் பார்த்துவிட்டு ரசமட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆக எல்லாரும் பழகிக்கொண்டார்கள். பழகாதது அமலோற்பவத்தின் காரின் டயர் மட்டும்தான்.

அமலோற்பவம் அந்த ஊரில் கார் வைத்து ஓட்டியவள். தகப்பனிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, ஊரில் யாருக்கு வலி எடுத்தாலும், யாருக்கு வெளிநாட்டுப் பயணம் என்றாலும், மதுரைக்குக் கொண்டுபோய்விட்டு வருகிறவள். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் காரில் உட்கார்ந்தவர்கள் தூங்கிவிடுகிற அளவுக்குப் பதமாக ஓட்டுவாள். அந்த ஊரில் ஒரே ஒரு தார்ரோடு, அதுவும் ஒரு வண்டி போகிற அகலம். வடக்கே பைபாஸ் ஓரத்து எடைமேடைப் பக்கம் நுழைந்தால் தெற்கே போய்த்தான் வெளியேற வேண்டும். தெற்குப் பார்த்துப் போகிறவளுக்குக் கிழக்கு இடதுகைப் பக்கம். எடைமேடையைத் தாண்டியதும் தட்டென்று ஒரு சத்தத்தோடு கார் இடப்பக்கம் தணியும், தணிந்த பக்கமே போகப் பார்க்கும், அவள் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடித்து, முரண்டு பிடிக்கிற மாட்டை ஓட்டுகிறவள்போலத் தெற்கு எல்லை வரைக்கும் ஓட்டிப் போவாள். சாய்வு வந்து ஒரு கோடை முடிவதற்குள் முன்னிடது டயரின் வெளி ஓரம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

மதுரையில் நயினா முகமதுவின் டயர் கடைக்குப் போனாள். அவர் குத்தவைத்து உட்கார்ந்து டயரை உள்ளங்கையால் தடவினார்.

"வெளி ஓரம் சவரம் பண்ணின மாதிரி போயிருச்சேம்மா. உள்பக்கம் பாருங்க, புது டயர் முடி இன்னும் உதிரலை. காத்துக் கம்மியா வெச்சு ஓட்டுறீங்களா?"

"வாராவாரம் காத்துப் பார்க்குறேன் பாய். காத்துக் கம்மின்னா ரெண்டு ஓரமும்ல தேயணும்? ஜாஸ்தின்னா நடுவுல தேயணும். இது ஒரு ஓரம்தான் போகுது."

"அப்ப அலைன்மென்ட்தான்" என்றார் அவர்.

காரை மேடையேற்றிச் சக்கரங்களில் கண்ணாடி மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். மதுரைத் தரையில் கார் நேராக நின்றது, நேராக நின்ற காருக்குக் கம்ப்யூட்டர் எல்லாக் கட்டத்திலும் பச்சை காட்டியது. புது டயர் போட்டுக்கொண்டு வந்தாள், மழைக்காலத்துக்குள் அதுவும் தேய்ந்தது. புஷ் போயிருக்கும் என்றார்கள், புஷ் மாற்றினாள். பால் ஜாயின்ட் ஆடுகிறது என்றார்கள், அதையும் மாற்றினாள். ஷாக் அப்சார்பர் என்றார்கள், பேலன்ஸ் என்றார்கள், கம்பெனி மாற்றிப் போடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள், செய்த ஒவ்வொரு தடவையும் டயர் அதே இடத்தில், அதே ஓரத்தில், நூல் தெரிகிற வரைக்கும் தேய்ந்தது. ஆத்திரத்தில் வேறொரு கடைக்குப் போனாள். அங்கே இருந்தவன் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறதுலதான் இருக்கு. பிரேக்க மிதிமிதின்னு மிதிப்பீங்க, வளைவுல ஒடிச்சுத் திருப்புவீங்க. வீட்டுல ஆம்பளைங்க யாரும் ஓட்டுறதில்லையா?"

"ஆம்பளை ஓட்டுனா எங்க ஊரு நிமிந்துருமாடா?" என்று கேட்டுவிட்டு அமலோற்பவம் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தாள். வழி நெடுக அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, அழுகையினால் அல்ல, இத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவனுக்கும் காது இல்லையே என்கிற எரிச்சலினால்.

ஊர் சாய்ந்திருக்கிறது என்று நயினா முகமதுவிடமும் சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க நத்தத்துலயும் ஒரு தெரு அப்படித்தாம்மா. என்ன பண்றது, ஊரைத் தூக்கி மேடையில ஏத்த முடியுமா? டயர் மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் வீட்டில் செபஸ்தியான் இருந்தான். அவன் அவள் புருஷன், தச்சன். சாய்வு வருவதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கடையில் விற்கிற ரெடிமேட் கதவுகளும் அவன் பிழைப்பை முடித்துவிட்டிருந்தன, பகலெல்லாம் உளியைத் தீட்டித் தீட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சாய்வு வந்த மறுநாளிலிருந்து அவனுக்குச் சாப்பிட நேரமில்லை. மரமுட்டுக்கு அவனைவிட்டால் ஆளில்லை. எந்தச் சாமானைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, வேங்கை மரத்தில் ஒரு துண்டைச் சீவி அடியில் தள்ளுவான், அது அசையாது. பல வருஷம் கழித்து ஊர் அவனை ஆசாரி என்று மரியாதையாகக் கூப்பிட்டது. அவன் நடையே மாறிவிட்டது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் உடம்பை ஒருக்களித்து, காற்றில் போகிற பாய்மரம்போல, அழகாக நடந்தான். மகள் ரெனிட்டாவும் அப்படித்தான் நடந்தாள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். தினமும் மதுரைத் தரையில் நின்றுவிட்டு வருகிற அமலோற்பவம்தான் சொந்த வீட்டு அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், படுத்தால் தலை சுற்றிற்று, வெளியே போனால் உடம்பு நேராகும், உள்ளே வந்தால் மறுபடி குமட்டும்.

"எல்லாருக்கும் சரியாத்தான இருக்கு. உனக்கு மட்டும் என்ன?" என்பான் செபஸ்தியான்.

"எல்லாரும் உள்ளயே கெடக்கீங்க. நான் வெளிய போயிட்டு வர்றேன். அதான் தெரியுது."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? வண்டிய விட்டுட்டு வீட்ல இரேன். நான் சம்பாதிக்கிறேன்ல."

அந்தச் சொல் அவளுக்குள் ஆணிபோல இறங்கியது. அவன் உட்கார்ந்திருந்த வருஷங்களில் அந்தக் கார்தான் வீட்டுக்கு உலை வைத்தது, அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை.

கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். பள்ளிக்கூட வளாகத்தில் முட்டு வைத்த பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. "ஊரை நிமித்த முடியாதுன்னா ரோட்டையாவது நிமித்துங்க. இடப்பக்கம் மண்ணடிச்சு உசத்துங்க. என்னைக்காவது டயர் வெடிச்சா உள்ள இருக்கிறது உங்க புள்ளைங்கதான்" என்றாள். குழந்தைசாமி நல்ல மனிதர், தலையை ஆட்டிக் கேட்டார். கிழக்குத் தெருக்காரர்கள் ரோடு உயர்ந்தால் மழைத்தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரும் என்றார்கள். தேர்க் கமிட்டிக்காரர்கள் ரோடு நேரானால் தேரை மறுபடி இழுக்க வேண்டிவரும், இப்போது ஆள் எங்கே கிடைக்கிறது என்றார்கள். யாரோ ஒரு பெண், "அமலக்கா, பஸ்ஸு ஓடலையா? அது டயரும் தேயத்தான செய்யும்? அவன் வந்து சண்டை போடுறானா?" என்று கேட்டாள், கூட்டம் சிரித்தது. அப்போது செபஸ்தியான் எழுந்தான். தனக்காகத்தான் எழுகிறான் என்று அவள் நினைத்தாள்.

"ஒரு டயருக்காக ஊரைக் குறை சொல்றது நல்லாயில்ல. அவளுக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க அடுத்த விஷயத்துக்குப் போங்க தலைவரே" என்றான்.

அடுத்த விஷயம் தெருவிளக்கு. அமலோற்பவம் கூட்டம் முடிகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். டயர் தேய்ந்தால் மாற்றினாள், மறுபடி தேய்ந்தால் மறுபடி மாற்றினாள், மாற்றிய டயரைக் கொண்டுபோய் வாசலில் போட்டாள், வாசலில் ஒரு பக்கம் மொட்டையான டயர்களின் குவியல் வளர்ந்தது, அதில் ஊர்க் கோழிகள் முட்டையிட்டன.

ரெனிட்டா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. குறிப்பிட்ட நாளில், மத்தியானத்துக்குள், அப்பா அம்மாவோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று போனில் சொன்னார்கள். அந்த நாள் காலையில் மூன்று பேரும் காரில் ஏறினார்கள். செபஸ்தியான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். ஊர் சாய்ந்த பிறகு அவன் எல்லையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. மகளுக்கும் அப்படித்தான்.

தெற்கு எல்லையில் தட்டென்ற சத்தத்தோடு கார் நிமிர்ந்தது. ரெனிட்டா பின்சீட்டில் ஜன்னலோரமாகச் சரிந்தாள். செபஸ்தியான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, "ஏய், வண்டி ஏன் இப்படிக் கோணலாப் போகுது? நேரா ஓட்டு" என்றான்.

"நேராத்தான் போகுது" என்றாள் அமலோற்பவம்.

பைபாஸில் ஏறி வடக்கே கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், முன்னிடது டயர் வெடித்தது. ஸ்டீயரிங் அவள் கையைப் பிய்த்துக்கொண்டு சுற்றப் பார்த்தது. எதிரே ஒரு மணல் லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, சேசுவே சேசுவே என்று முனகிக்கொண்டே, ரிம் தாரில் உரசித் தீப்பொறி பறக்க, காரைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். லாரியின் காற்று காரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போயிற்று.

செபஸ்தியான் கதவைத் திறந்து இறங்கினான், இறங்கிய இடத்திலேயே விழுந்தான். எழுந்து ஊரில் நடக்கிறதுபோல உடம்பை ஒருக்களித்தான், அப்படியே பக்கவாட்டில் போய்ப் புல்லில் விழுந்தான். ரெனிட்டா இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டுக் கார் மேல் சாய்ந்து அழுதாள். தரை எங்கேயும் சாயாமல் இருந்தது, அதில் நிற்கத் தெரியாமல் அவர்கள் இரண்டு பேரும், நடை பழகாத குழந்தைகள்போல, ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அமலோற்பவம் ஜாக்கியை எடுத்தாள், நட்டுகளைக் காலால் மிதித்துத் திருகினாள், ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டினாள். செபஸ்தியான் பக்கத்தில் கிடந்த வெடித்த டயரை இழுத்துப் பார்த்தான். உள்பக்கம் முழுசாக இருந்தது, வெளிப்பக்கம் கிழிந்த சேலைபோல இருந்தது. அதை அவன் நெடுநேரம் தடவினான்.

"தினமும் இப்படித்தான் போயிட்டு வர்றியா?" என்று கேட்டான்.

அவள் ஜாக்கியை இறக்கி நட்டுகளை மறுபடி இறுக்கினாள். வாயைத் திறந்தால் இத்தனை வருஷத்துக் கோபமும் சேர்ந்து வந்துவிடும், அதற்கு அப்போது நேரமில்லை.

ஸ்டெப்னியும் ஒரு ஓரம் தேய்ந்ததுதான். வேகமாகப் போக முடியவில்லை. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. ரெனிட்டா சுவரைப் பிடித்துப் பிடித்து வராந்தாவில் நடந்தாள், செபஸ்தியான் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தோம்மா. வேற பொண்ணு சேந்துட்டா. அடுத்த வருஷம் வாங்க" என்றாள், இரக்கத்தோடுதான் சொன்னாள். அமலோற்பவம் டயரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் ஊர் எல்லைக்கு வந்தவள் எடைமேடைப் பக்கம் காரை நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். அந்த எடைமேடை பூட்டிக் கிடந்தது. லாரி நிறுக்கிற இடம், மட்டமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது, பக்கத்தில் ஒரு அறையும் உண்டு.

"இறங்குங்க. வண்டி இனிமே உள்ள வராது. நானும் வரலை" என்றாள்.

"ஊர் சிரிக்கும் அமலு."

"ஏற்கெனவே சிரிச்சாச்சு. நீங்களும்தான கூடச் சேந்துக்கிட்டீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். எல்லைக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததும் அவன் நடை சரியாகிவிட்டது, அழகாக, ஒருக்களித்து, திரும்பிப் பார்க்காமல் போனான். ரெனிட்டா கொஞ்சதூரம் அவன் பின்னால் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். "எனக்கு இங்க நிக்கப் பழகணும்மா" என்றாள்.

எடைமேடைச் சொந்தக்காரரிடம் சாவி வாங்கி அந்த அறையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஊர் முதலில் முறுக்கிக்கொண்டது, அமலோற்பவத்துக்குத் திமிர் என்றது. பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தது, அவளை எல்லை வரைக்கும் நாற்காலியில் தூக்கி வந்தார்கள், அவள் பத்திரமாக மதுரை போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு கார் வேண்டியவர்கள் எல்லாரும் எல்லைக்கு நடந்து வந்தார்கள். பஸ்காரனும் அதைப் பார்த்து அங்கேயே திருப்பிக்கொண்டான். ஒரு பேக்கரி வந்தது, ஒரு செல்போன் கடை வந்தது, அந்த இடத்துக்கு எடைமேடை ஸ்டாப் என்று பேர் வந்தது, எடைமேடை ஸ்டாப்பில்தான் வண்டி பிடிக்க வேண்டும், அது எப்போதும் அப்படித்தான் என்று வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னார்கள். நீ சொன்னது சரி என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. காரின் டயர்கள் இரண்டு ஓரமும் நடுவும் ஒன்றுபோலத் தேய்ந்தன, அதைக் காட்டக்கூட அவளுக்கு ஆளில்லை. சில நாள் மத்தியானத்தில் பேக்கரி வாசலில் நின்று, ஊர் அழகாக ஒருக்களித்து நடந்து வருவதைப் பார்க்கும்போது அவளுக்குக் கல்லெடுத்து எறியலாம்போல வந்தது.

மறுவருஷம் ரெனிட்டா கல்லூரியில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த அமலோற்பவம் அறையைத் திறக்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் செபஸ்தியான் நின்றுகொண்டிருந்தான். சேர்த்தாச்சா என்று சைகையில் கேட்டான், ஆச்சு என்று தலையை ஆட்டினாள். போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. ஒரு காலை எல்லைக்கு இந்தப் பக்கம் வைத்தான், உடம்பு சரிந்தது, எடைமேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான், அடுத்த காலையும் வைத்தான்.

"அன்னைக்கு ரோட்டுல விழுந்தேன்ல, அப்பவே தெரிஞ்சுது. சொல்ல வாய் வரலை" என்றான். "கூட்டத்துல நான் எந்திரிச்சிருக்கக் கூடாது. எந்திரிச்சிருந்தா உனக்காக எந்திரிச்சிருக்கணும்."

அமலோற்பவம் அவனைப் பார்த்தபடியே காரைவிட்டு இறங்கினாள். மனசு இளகவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்தபடியே அவன் இன்னொரு அடி எடுத்து வைக்கப் பார்த்தது அவள் கண்ணில் பட்டது.

"கம்பிய விடுங்க. தரையப் பாக்காதீங்க, தூரத்துல அந்த டவரைப் பாருங்க" என்று பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் அவளுடைய இடது தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் பைபாஸ் ஓரமாக நடந்தார்கள். அவன் தன் உடம்பின் பாரத்தையெல்லாம் அவள் மேல் போட்டுச் சாய்ந்து சாய்ந்து வந்தான், ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, பேக்கரியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புளியமரத்தைத் தாண்டும்போது அவளுக்குத் தோள்பட்டை இற்றுப்போகிறாற்போல வலித்தது. நின்றாள். அவன் கையை எடுத்துவிட்டாள். அவன் பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் வலிக்குது. அந்தப் பக்கமா வாங்க" என்று வலது தோளைக் காட்டினாள் அமலோற்பவம்.